கார்டில் எழுதாத இரண்டு பெயர்கள்

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் ஆரம்பம் என்பதால் சொல்கிறேன்.

1991இல் எனக்குப் பத்தொன்பது வயது. மறைமலை நகரில் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து ஏழு பெண்கள் போனோம். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும், பொழுது சாய்ந்ததும் கொண்டுவந்து விடும். விரலெல்லாம் வார்னிஷ் வாடை. அந்த வாடையோடுதான் மத்தியானச் சோறு, பாட்டுப் புத்தகம், சினிமாப் பத்திரிகை எல்லாம். ஒருத்தி வாங்கும் பத்திரிகை ஏழு கை மாறி முடியும்போது நடுப்பக்கப் படம் காணாமல் போயிருக்கும். யார் கிழித்தது என்று கேட்டால் ஏழு பேரும் சூப்பர்வைசரைக் கை காட்டுவோம்.

நடிகர், நடிகை, பாட்டுப் பாடுகிறவர்கள் என்று யாருக்குக் கடிதம் போனாலும் அதை எழுதுகிறவள் நான்தான். 'அன்புள்ள அண்ணா அவர்களுக்கு' என்று தொடங்குவேன். நீங்கள் அழுத இடத்தில் நானும் அழுதேன் என்பேன். அந்தப் படத்தைப் பார்த்தே இருக்க மாட்டேன். கையெழுத்துப் போட்ட போட்டோ ஒன்று அனுப்பினால் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன் என்று முடித்து, ஸ்டாம்பு ஒட்டி விலாசம் எழுதிய கவரையும் மடித்து உள்ளே வைப்பேன். என் சொந்த நடிகருக்கு மட்டும் எட்டுக் கடிதம் போட்டிருந்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

மனசார நான் எழுதியது ஒரே ஒருவருக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவில் நேயர்கள் கேட்ட பாட்டைப் போடுகிற அறிவிப்பாளர் அம்மாவுக்கு. முகம் தெரியாது. கார்டில் இருக்கிற ஊரையும் பேர்களையும் அவர் வாசிக்கிற விதத்தில் எல்லாரும் அவருக்குச் சொந்தக்காரர்களோ என்று தோன்றும். 'உங்கள் குரலைக் கேட்கிற அரைமணி நேரம் எனக்கு யார் மேலும் கோபம் வருவதில்லை' என்று எழுதினேன். அது நிஜம். மற்ற நேரமெல்லாம் எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

வேனில் என் பக்கத்து இடம் ஒரு சிநேகிதிக்கு. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி அவள் வீடு. அவளுடைய அண்ணன் ஒரு பெரிய நடிகரின் ரசிகர் மன்றத்தில் பைத்தியமாகத் திரிந்தவர். படம் வெளியானால் வேலைக்குப் போகாமல் தியேட்டர் வாசலில் தோரணம் கட்டுவார். ஒரு நாள் அவர்கள் அப்பா மன்றத்துப் பேனரை வாசலில் போட்டுக் கொளுத்திவிட்டார். அன்றைக்கு அண்ணன் வீட்டை விட்டுப் போனவர்தான், இரண்டு வருஷமாக ஒரு தகவலும் இல்லை. இப்போது அவர்கள் அம்மா வயிற்றில் கட்டி வந்து படுத்த படுக்கை. ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். பையன் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும் என்று அந்த அம்மா ஓயாமல் முனகிக்கொண்டிருந்தார். விலாசம் தெரியாத ஆளுக்கு எப்படிச் சொல்லி அனுப்புவது?

வழி கண்டுபிடித்தது சிநேகிதிதான்.

"எங்க அண்ணன் எங்க இருந்தாலும் நாயித்துக்கெழம ரெண்டு மணிக்கு ரேடியோ கிட்டதான் குந்திகினு இருக்கும்" என்றாள். "அதுக்குப் புடிச்ச பாட்ட கேட்டு கார்டு போடுவோம். நம்ம பேரெல்லாம் எழுது. கடைசில எங்கம்மா பேர எழுது. ரேடியோல சேதி சொல்ல மாட்டாங்க, பேருதான் படிப்பாங்க. எங்கம்மா பொறந்ததுலேர்ந்து ஒரு பாட்டும் கேட்டது இல்ல. அது பேரு வந்தா அண்ணனுக்குப் புரிஞ்சிடும், கூப்புடுறாங்கன்னு."

தை மாசம் தொடங்கி வாராவாரம் கார்டு போட்டேன். ஊர்ப் பேர், பாட்டு, எங்கள் ஏழு பேர், எட்டாவதாக அவள் அம்மா. வேன் சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டில் நிற்கும்போது இறங்கி ஓடி, ஸ்டேஷன் பக்கத்துத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வருவேன். ஒரு கார்டையும் வாசிக்கவில்லை. மே மாசம் எங்கள் பக்கத்தில் தேர்தல் கூட்டத்துக்கு வந்த பெரிய தலைவர் குண்டு வெடித்துச் செத்த பிறகு ரேடியோவில் பாட்டே இல்லை, சில நாள் வீணையும் ஷெனாயும்தான் அழுதுகொண்டிருந்தன. ரோட்டில் போலீஸ் வண்டிகள். அந்த நாட்களில்கூட அவள் ஞாயிறு இரண்டு மணிக்கு ரேடியோவைத் திருகி, அம்மாவின் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆடி மாசம் அவளுக்கு ஒரு கவர் வந்தது. அண்ணனுக்குப் பிடித்த அதே நடிகருக்கு, அவள் பேரில் நான் எழுதிய கடிதத்துக்குப் பதில். போட்டோ. சட்டைக் காலரிலிருந்து தோள்வரை நீல மையில் கையெழுத்து. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாவாடையில் கையைத் துடைத்துத் துடைத்து, ஓரத்தை மட்டும் பிடித்துக் காட்டினாள்.

"எங்க அண்ணன் வந்தா குடுக்கணும்டி. அதுக்குத்தான் வச்சிருக்கப் போறேன்."

எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. எழுதியவள் நான், வரிக்கு வரி யோசித்தவள் நான், வந்ததோ அவளுக்கு. என் ஆள் எட்டுக் கடிதத்துக்கும் ஊமை.

"இது அச்சுடி" என்றேன். "ஆயிரம் போட்டோ இப்பிடியே அச்சடிச்சி வச்சிருப்பாங்க. உனுக்குன்னு குந்திகினு கையெழுத்துப் போடுவாரா?"

"இல்லடி, மைதான்."

"குடு, காட்டுறேன்." பிடுங்கினேன். நாக்கில் விரலைத் தொட்டு, கையெழுத்தின் மேல் அழுத்தித் தேய்த்தேன்.

மைதான். நீலம் அப்படியே தோளில் இழுபட்டுச் சட்டையெல்லாம் பரவிவிட்டது. பேரில் முதல் எழுத்து மட்டும் மிச்சம். என் விரலிலும் நீலம். அவள் தாவணி முனையால் ஒற்றினாள், அது இன்னும் கெட்டது. பிறகு என்னைப் பார்த்து, "உன் ஆளு பதில் போடலன்னு உனுக்கு எரியுது" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்த இடத்தில் ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்கவில்லை. அவள் சொன்னது உண்மை என்பதால்தான் என்னால் கேட்க முடியவில்லை. சாயந்திரம் வேனில் அவள் முன் சீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று வாரம் பேச்சு இல்லை. அவளாக வரட்டும் என்று நான் முறைத்துக்கொண்டிருந்தேன். தப்புச் செய்தவளுக்குத்தான் எப்போதும் ரோஷம் அதிகம்.

கார்டு போடுவதையும் நிறுத்தியிருந்தேன். மூன்றாவது வாரம் ஒரு நாள் உட்கார்ந்து எழுதினேன். ஊர்ப் பேர் எழுதினேன். அவள் அண்ணனுக்குப் பிடித்த அதே பாட்டைத்தான் எழுதினேன். உன் பாட்டு, ஆனால் நீ இல்லை என்று அவளுக்கு உறைக்கட்டும் என்றுதான். என் பேரை முதலில் எழுதி, மற்ற ஐந்து பேரையும் எழுதினேன். அவள் பேரை விட்டேன். அவளை விட்டால் அவள் அம்மாவும் கிடையாதே என்று ஒரு கணம் கை நின்றது. இத்தனை மாசம் வாசிக்காதவர்கள் இதையா வாசிக்கப் போகிறார்கள் என்று கீழே கோடு போட்டு முடித்துவிட்டேன்.

மறுநாள் கேட் மூடியிருந்தது. இறங்கி ஓடித் தபால்பெட்டியில் போட்டேன். திரும்பி வந்து ஏறும்போது முன் சீட்டிலிருந்து அவள் என்னைப் பார்த்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு. சண்டையிலும் தன் அம்மாவுக்காகக் கார்டு போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தக் கார்டைத்தான் வாசித்தார்கள்.

ஆவணி மாசத்து ஞாயிற்றுக்கிழமை. நான் மீன் அலசிக்கொண்டிருந்தேன். அறிவிப்பாளர் அம்மாவின் குரல் எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னது. தெருவில் எல்லா வீட்டு ரேடியோவிலும் ஒரே குரல். என் பேர் வந்தது. ஒவ்வொரு பேராக, நிறுத்தி, அழகாக, ஆறு பேர். 'மற்றும் பலர்' என்றுகூட இல்லை. பாட்டு தொடங்கியது. பல்லவி முடிவதற்குள் இரண்டு வீடு தள்ளி ஒரு ரேடியோ மட்டும் அணைந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் பேர் ரேடியோவில் வந்திருக்கிறது. அலசிய மீனையே திரும்பத் திரும்ப அலசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை வேனில் அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று இருந்தேன்.

"எங்கம்மா பேர எழுதினியாடி?"

கேட்டவிதத்தில் சந்தேகமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"எழுதினேன்டி. உன் பேரும் அம்மா பேரும் கடைசில இருந்திச்சி. எடம் பத்தாம பொடியா எழுதிட்டேன். அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது. வுட்டுட்டாங்க."

"அடுத்த தபா மொதல்ல எழுது" என்றாள்.

எழுதினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கார்டிலும் அவள் அம்மா பேர்தான் முதலில், கொட்டை எழுத்தில். ஒன்றையும் வாசிக்கவில்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள் விடிகாலை அவள் அம்மா போய்விட்டார். கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லை, பங்காளி வீட்டுப் பையன்தான் வைத்தான். நான் கூட்டத்தில் நின்று எல்லாரையும்விடச் சத்தமாக அழுதேன். எவ்வளவு பாசம் பார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

பொங்கல் கழிந்து யாரோ ஊர்க்காரர் அவள் அண்ணனை ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். மறுநாளே வந்துவிட்டார். தோல் கம்பெனியில் வேலையாம். ஆள் பாதியாக இளைத்திருந்தார். அம்மா படுத்திருந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தங்கை டீ போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசற்படி ஓரமாக நின்றேன். போகாமல் இருக்க முடியவில்லை, உள்ளே நுழையவும் முடியவில்லை.

"நான் கேட்டேன்" என்றார் அவர், தங்கையிடம். "ஆவணில, ஒரு நாயித்துக்கெழம. டீக்கடைல நின்னுகினு இருந்தேன். நம்ம ஊர் பேர சொன்னாங்க, என் பாட்டு. ஒடம்பெல்லாம் ஆடிப்போச்சி. யார் யார் பேரோ வந்திச்சி. உன் பேரு வரும் வரும்னு காத போட்டுகினே நின்னேன். வரல. சரி, ஊரே அந்தப் பாட்ட கேக்குது, நம்ம வூட்லதான் நம்மள தல முழுகிட்டாங்கன்னு... அன்னிக்கி உன் பேரு வந்திருந்தா அப்பவே பஸ் ஏறியிருப்பேன்."

"எழுதினோம்ணா" என்றாள் அவள். "என் பேரும் அம்மா பேரும் கடைசில எழுதி இருந்திச்சி. அவங்கதான் படிக்காம வுட்டுட்டாங்க. இன்னாடி, சொல்லேன்."

அவர் என்னைப் பார்த்தார்.

"ஆமாண்ணா" என்றேன்.

அவர் அந்த அறிவிப்பாளர் அம்மாவைத் திட்டத் தொடங்கினார். காசு வாங்கிக்கொண்டு படிக்கக்கூடத் தெரியாதவள் என்றார். அவள் வாய் அழுகிப் போகணும் என்றார். கோபம் வராத அரைமணி நேரத்தை எனக்குக் கொடுத்த குரலை அவர் அப்படித் திட்ட, நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் திறந்தாள். துணிக்கு அடியிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்து வந்து அண்ணன் கையில் கொடுத்தாள். அவர் முகம் ஒரு கணம் பழைய மாதிரி ஆனது. பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னா இது, கையெழுத்து அழிஞ்சி கீது?"

அவள் என்னைப் பார்த்தாள். உடனே திரும்பிக்கொண்டாள்.

"பொட்டிக்குள்ள மழத் தண்ணி பூந்துடுச்சிண்ணா" என்றாள்.