புரோ போனை வாங்காத காரணம்

பிள்ளைகளே, அன்று புரோ போனை விட்டுச் சாதாரண போனை வாங்கியதற்கு இன்னும் என்னைக் கேலி செய்கிறீர்கள். "அப்பா சரியான கஞ்சூஸ்பா!" என்று பெரியவள் கடையிலேயே சொன்னாள்.

"எனக்கு இது போதும்மா" என்றேன்.

புனே பக்கம் ஆகுர்டியில் எங்கள் கம்பெனி கேட்டில், உள்ளே யாரும் படம் எடுக்கக் கூடாதென்று போன் கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். புரோவில் மூன்று கேமராவும் புடைத்து நிற்கும், ஸ்டிக்கர் நிற்காது. அந்தப் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். சின்னவனே, அப்போதெல்லாம் உனக்கு மூச்சு இழுத்தால் பள்ளியிலிருந்து எனக்குத்தான் கூப்பிடுவார்கள். அன்று கடையில் உன் எதிரில் அதைச் சொல்ல மனம் வரவில்லை. இப்போது இழுப்பு விட்டுவிட்டது, அதனால் சொல்கிறேன்.

போன் வாங்கிய மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் தனியாக நின்று, பள்ளி நம்பருக்கு மட்டும் மெஷின் சத்தத்திலும் கேட்கிற மாதிரி ஒரு ரிங்டோன் வைத்தேன்.