தோண்டிப் பார்க்கும் வரிசை

வயிறு மண்ணில் பட, முகவாயைக் கையில் தாங்கி, பாத்தியின் ஓரத்தில் படுத்திருக்கிறார் டீச்சர். முதல் மணி அடிக்க இன்னும் கால் மணி நேரம். "ஒண்ணாங்கிளாஸ் கண்ணு எந்த உயரத்துல இருக்கோ, அங்கேருந்து பாத்தாதான் நமக்கும் எறும்பு தெரியும்" என்கிறார். எழுந்து சேலையைத் தட்டுகிறார். பாதி மண் போவதில்லை.

பள்ளியின் பின்சுவரை ஒட்டிய இந்தத் துண்டு நிலத்தில் எதை விதைத்தாலும் இரண்டு வரிசை. ஒன்று வளர்வதற்கு, மற்றது தோண்டிப் பார்ப்பதற்கு. பிள்ளைகள் வைத்த பெயர் தோண்டி டீச்சர்.

முதல் வருடம் ஒரே வரிசைதான். போட்ட அவரை விதையை ஒரு பயல் தினமும் தோண்டி எடுத்தான். திட்டினார். "உள்ள உசிரோட இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர்?" என்றான்.

"நம்புடான்னு சொல்லிருக்கலாங்க. அது பாடமா? அடுத்த வருஷமே ரெண்டு வரிசை" என்கிறார் டீச்சர் என்னிடம்.

இப்போது தோண்டுவதற்கு நாளுக்கு ஒருவர் முறை. தலைகீழாக நட்ட விதையும் வளைந்து கீழ்நோக்கியே வேர் விட்டிருந்தது. "கீழ எதுன்னு அதுக்கு யாரு சொன்னா?" என்றான் தோண்டியவன். "எனக்கும் சரியாத் தெரியலடா. இன்னொண்ணைச் சாய்ச்சு நடு, பாப்போம்." நடுவே ஒரு வாண்டு: "விதைக்குக் குளிரும் டீச்சர், சீக்கிரம் மூடுங்க!"

தலைமையாசிரியைக்கோ மொட்டையாகக் கிடக்கும் அந்தத் தோண்டும் வரிசை கண்ணை உறுத்தும். கல்வி அதிகாரி வியாழக்கிழமை வருகிறார். தோட்டம் அவர் மனசுக்குப் பிடிக்காவிட்டால் சிமென்ட் போட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிடுவார்கள். புதன்கிழமை மாலை, விலைக்கு வாங்கிய பன்னிரண்டு பூச்செடிகளைத் தலைமையாசிரியை அங்கே தொட்டியோடு புதைக்கச் செய்தார். "நாங்களே நட்டோம்னு சொல்லணும், என்ன?" என்று பிள்ளைகளுக்குப் பயிற்சி வேறு. எழுத்துக்கூட்டிப் படிக்க வருமுன்பே பொய்யில் தேர்ச்சி! இதற்கு ஒரு பள்ளிக்கூடம், மேற்பார்க்க ஓர் அதிகாரி.

"எம் பிள்ளைங்க வாயில பொய்யை வைக்காதீங்க மேடம்."

"நிலம் வேணுமா, வேணாமா? நீயே முடிவு பண்ணிக்கம்மா."

வியாழன் காலை மற்றப் பெற்றோர்களோடு நானும் தோட்டத்தில் நின்றிருந்தேன். அதிகாரி ஒரு சிறுமியிடம் குனிந்தார். "இந்தப் பூச்செடியெல்லாம் நீங்க நட்டதா பாப்பா?"

சிறுமி பதில் தேடி டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். தலைமையாசிரியையும் டீச்சரையே பார்த்தார். லேசாகத் தலையசைத்தால் போதும், நிலம் தப்பிவிடும்.

தன் முகத்திலிருந்து அந்தப் பிள்ளை எந்தப் பதிலையும் படித்துவிடாதபடி, தோண்டி டீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.