தண்ணீரை முகர்ந்தவர்

குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஏரியில் நடந்த கெண்டைத் தூண்டில் போட்டியில் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர், இரை வீசும் முன்பெல்லாம் தண்ணீரை அள்ளி முகர்வார். நரைத்த மீசை, தலையில் ஈரத்துண்டு.

முதல் பரிசு தையல் மிஷின். மகளுக்காக அதை எண்ணி வந்திருந்தேன். நண்பகல் வரை ஒன்றும் கடிக்கவில்லை. பிறகு கெண்டைகள் கூட்டமாக மேலே வந்து வாயைப் பிளந்தன.

“இரைக்கு வரல மாப்ள, மூச்சுக்கு வருதுங்க. தண்ணி கெட்டுப்போச்சு, தூண்டில சுருட்டு,” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“மிஷின் வேணும் மாமா,” என்றேன்.

தண்ணீர் குடிக்க இறங்கிய மாடுகளைத் தடுக்க அவர் ஓடினார். என் தூண்டில் முள் ஒரு பெரிய மீனின் விலாவில் மாட்டியது. வாயில் மாட்டாத மீன் போட்டியில் செல்லாது. நான் சொல்லவில்லை, பரிசு எனக்கே கிடைத்தது.

மிஷினை ஆட்டோவில் ஏற்றும்போது செத்த மீன்களால் ஏரி வெளுத்துக் கிடந்தது. அவர் ஒற்றை ஆளாக இன்னும் மாடுகளை மறித்து நின்றார். மிஷினைப் பிடித்தபடி நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.