நாலில் மூன்று எரிந்தால் போதும்

டீசல் வாகனத்துக்கு வீட்டுவாசலில் வைத்து ஹீட்டர் பிளக் மாற்றுகிற வேலை எப்படிப்பட்டது என்பது, என்னைப் போலப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பொனட்டுக்குள் தலையைக் கொடுத்த உங்களுக்குத்தான் விளங்கும். மற்றவர்களுக்கு அது விரல் நீளத்தில் ஒரு இரும்புக் கம்பி. காலையில் அது சூடாகாவிட்டால் எஞ்சின் இருமும், புகை கக்கும், ஸ்டார்ட் ஆகாது. அவ்வளவுதான்.

வேனோடு நடந்த பிள்ளைகள்

கொழும்பு வெள்ளவத்தையில் சறோ அக்கா பள்ளிக்கூட வேன் ஓடுகிறா. வெள்ளை வேன். இந்த நாளில் ஆள் கடத்துகிறவர்கள் வருவது வெள்ளை வேனில்தான், கண்டாலே சனம் கதவைச் சாத்துகிறது. அதனால் நாலு பக்கமும் மஞ்சள் பூ ஒட்டி வைத்திருக்கிறா. நாலு ஹீட்டர் பிளக்கில் இரண்டு செத்து, ஒவ்வொரு காலையும் அவவின் ஒழுங்கையில், அந்தச் சின்னச் சந்தில், இருக்கிற சனமே சேர்ந்து தள்ளும். பிள்ளைகளும் தள்ளுவார்கள்.

வெள்ளிக்கிழமை ஒழுங்கை முனையில், ஆமிக்காரன் காவல் நிற்கிற சென்றிக்கு நேரெதிரே வேன் நின்றுவிட்டது. திங்கட்கிழமையும் இங்கே நின்றால் வேனைப் பொலிசுக்கு இழுப்பேன் என்று சென்றிக்காரன் கத்தினான். வேன் போனால் சறோ அக்காவுக்குச் சோறில்லை. பின்னாலிருந்து தள்ளிய சின்னவன் ஒருவனுக்கு அதெல்லாம் கவலையில்லை. "அக்கா, வேன் எங்களைக் கூட்டிக்கொண்டு போகுதோ, நாங்கள் வேனைக் கூட்டிக்கொண்டு போறமோ?"

பையில் என்ன?

ஞாயிற்றுக்கிழமை சறோ அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு உதிரிப்பாகம் வாங்கப் போனபோது, பஞ்சிகாவத்தையில் ஒரே ஒரு கடைதான் திறந்திருந்தது. அங்கே இருந்ததும் இரண்டே இரண்டு பிளக். வாங்கிக்கொண்டு சறோ அக்காவின் வேனிலேயே திரும்பினோம். பகலில் எஞ்சின் சூடு, பிரச்சினை இல்லை. ஒழுங்கை முனையில் அதே சென்றிக்காரன் மறித்தான். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம். என் பையில் வயர், பல்ப், துவக்கில் போட்டுச் சுடுகிற சன்னம் மாதிரி இரண்டு கம்பி. நீங்களே யோசியுங்கள். "மே மொனவாத?", இதெல்லாம் என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

சறோ அக்கா இறங்கிப் பொனட்டைத் திறந்தா. "மாத்தயா, பலன்ன", ஐயா பாருங்கள் என்று அவனுக்குச் சொல்லிவிட்டு, "தம்பி, பற்றரியில பிடிச்சுக் காட்டடா" என்றா. குறட்டால் பிடித்து வயரைக் கொடுத்தேன். பிளக்கின் நுனி செக்கச்செவேல் என்று சிவந்தது. சென்றிக்காரன் குனிந்தான். குனிந்தவன் சிகரெட்டை எடுத்து அதிலேயே பற்ற வைத்தான். லைட்டரே தோற்றுப்போகும் என்று அவனுக்கு ஒரே சந்தோசப் புளுகம்: "அக்கே, மேக லைட்டரெகடத் வடா ஹொந்தாய் நே!"

உடைந்தால் முதுகு

அவன் அவசரமே இல்லாமல் ஆறுதலாகப் பற்ற வைத்ததில் அந்தப் பிளக் கருகிச் செத்தது. பல்ப் வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. மிஞ்சியது ஒன்று. வீட்டுவாசலில் வேலையைத் தொடங்கும்போது பின்னேரமாகி, எஞ்சினும் பாதி ஆறியிருந்தது. வேனில் செத்த இரண்டில் பின்னால் இருப்பதற்குக் கை போகாது, முன்னால் இருப்பது இறுகிப்போய்க் கிடந்தது. எனக்குப் பொறுமை கிடையாது, அதை மறைக்கவும் மாட்டேன். ஸ்பானரைப் போட்டு முழுப்பலத்தோடு இழுத்தேன். கிறீச் என்றது.

சறோ அக்கா என் கையைப் பிடித்துவிட்டா. "எஞ்சின் ஆறினாப் பிறகு இழுத்தால் பிளக் உள்ளுக்கு உடையும், எஞ்சின்ர ஹெட்டையே கழட்டி இறக்கவேணும் எண்டு காலமை ஆர் சொன்னது? நீதானே?" நான்தான். சறோ அக்கா வேனைக் கொட்டாஞ்சேனைவரை ஓட்டி, எஞ்சின் சூட்டோடு வந்து நின்றா. ஸ்பானரை வைத்ததும் டக் என்று கழன்றது, மிஞ்சிய புதியதைப் போட்டேன். என் வேலை எனக்கே மறந்த நேரம் அவவுக்கு மறக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "உடைஞ்சால் நாளைக்குப் பிள்ளைகளை உன்ர முதுகிலயோ ஏத்திறது?"

திங்கள்

பிள்ளைகள் பழக்கத்தில் வேனுக்குப் பின்னால் போய் நின்றார்கள். "ஏறுங்கோ" என்று சறோ அக்கா அதட்டினா. நான் முன் சீற்றில். சாவியைத் திருப்பினா, பிளக் சூடாகிறது என்று காட்டுகிற செம்மஞ்சள் லைட் எரிந்தது. லைட் அணைந்தது. ஒரு இருமல், இரண்டு இருமல், பிறகு பிடித்துக்கொண்டது. மூன்று பிளக்கில் நடுங்கி நடுங்கி ஒழுங்கை முனைக்குப் போனோம். சென்றிக்காரன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

நேற்றுத் துவக்குக்கு முன்னால் பொனட்டைத் திறந்த மனிசி இவ, பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று நினைத்து வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். காலி வீதியில் ஏறிய பிறகுதான் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்து எனக்குக் காட்டினா. "தம்பி, வேன் மட்டும் நடுங்கேல்லையடா."

எங்கள் வேலை சரியாக நடந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், இன்றைய கொழும்பில் அதைவிடப் பெரிய சேர்ட்டிபிகேட்டை ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ணியவனும் எடுத்ததில்லை.