நூறு கிராம் கரியில் பாதி தண்ணீர்

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் வேதியியல் கணக்கு ஒன்றோடு சமையலறைக்கு வந்தாள். அறுபது சதவீதம் கார்பன் உள்ள நூறு கிராம் நிலக்கரியை முழுவதும் எரித்தால் எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கணக்கு ஒரு காலத்தில் என்னைப் படுத்திய பாடு அவளுக்கு எப்படித் தெரியும்!

நான் நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பாவுக்கு நிலக்கரி மைன்ஸில் வேலை. எங்கள் ஊர்க் கரி ஈரக் கரி. தோண்டி எடுக்கும்போது ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். ஷிஃப்ட் முடிந்து சாப்பிட உட்காரும் எந்த அப்பாவும் இதைச் சொல்லாமல் எழுந்ததில்லை. எங்கள் ஜன்னல் சன்ஷேடில் ஒரு கட்டியை வைத்திருந்தேன். காயக் காய அது வெடித்து, தொட்டாலே உதிரும். உதிர்ந்த தூளை அம்மா பெருக்கித் தள்ளும்போதெல்லாம் திட்டு வாங்குவேன். அந்தத் திட்டுக்குக்கூட இப்போது ஏங்குகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் காலாண்டுத் தேர்வு வந்தது. "கெமிஸ்ட்ரில ஃபெயிலானா பேசாம காமர்ஸுக்கு மாத்திடுவேன்" என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான். எனக்கோ லேப் என்றால் உயிர். அங்கே என் ஜோடி மந்தாரக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வரும் ஒரு பெண். அவள் அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார். தேர்வு எழுதும்போதும் அவள் எனக்குப் பக்கத்து இருக்கை.

வினாத்தாளில் இதே கணக்குதான் இருந்தது. கரியா? முதலில் தண்ணீரைக் கழி! மீதி ஐம்பது கிராம். அதில் கார்பன் முப்பது. பன்னிரண்டால் வகுத்தால் இரண்டரை மோல். நாற்பத்து நான்கால் பெருக்கினால் நூற்றுப் பத்து கிராம். எழுதிவிட்டு நிமிர்ந்தபோது எனக்கு அவ்வளவு கர்வம்.

இரண்டு நாள் கழித்து கெமிஸ்ட்ரி மிஸ் என்னையும் என் லேப் ஜோடியையும் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர்.

"ரைட்டான விடைய ஒரே மாதிரி எழுதலாம். தப்ப எப்படி ஒரே மாதிரி எழுதுவீங்க? யாரு யாரப் பாத்து எழுதுனீங்க?"

காப்பி என்று முடிவானால் பேப்பருக்கே சைபர். என் கண்ணுக்குள் காமர்ஸ் வகுப்பு வந்து நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நான்தான் மிஸ் அவளோடத பாத்து எழுதுனேன்."

பச்சைப் பொய். தேர்வு முழுக்க அவள் தலையை நிமிர்த்தவே இல்லை, என் பேப்பரை எங்கே பார்ப்பது? நான் இல்லை இல்லை என்று அழுதேன். மிஸ் காதில் வாங்கவில்லை. வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக் கத்தினேன்.

"ஏன்டி அப்படிச் சொன்னே?"

"அழுதுகினே இருக்காதடி. எனக்கு சைபர் வந்தா எங்கப்பா ரெண்டு அடி போடுவாரு, அவ்ளோதான். உன்ன காமர்ஸுக்கு அனுப்பிட்டா லேபுல நான் யாரு கூட நிக்கிறது?"

அன்று மாலையே மிஸ் வகுப்புக்கு வந்தார். கையில் திருத்தி முடித்த கட்டு. முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான். கடைசி பெஞ்சுப் பையன் நூற்றுப் பத்து. ஜன்னலோரப் பெண் நூற்றுப் பத்து. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் நூற்றுப் பத்து! குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள்தான் ஒழுங்காக இருநூற்று இருபது எழுதியிருந்தார்கள்.

"எதுக்கு எல்லாரும் பாதியக் கழிச்சீங்க?"

"கரின்னா பாதி தண்ணிதானே மிஸ்?" என்றான் கடைசி பெஞ்சு. வகுப்பே அதுதானே என்பது போல் பார்த்தது.

மிஸ் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, "கேள்வியில இல்லாத தண்ணிய நீங்க எங்கிருந்து கொண்டு வந்தீங்க?" என்று கேட்டு, அந்தக் கணக்குக்கு நூற்றுப் பத்து எழுதிய எல்லோருக்கும் சைபரே போட்டார். மார்க் விஷயத்தில் கொஞ்சமும் இரக்கம் கிடையாது. ஆனாலும் மற்ற கேள்விகள் என்னைக் கரையேற்றிவிட்டன. போகும்போது என் தோழியின் மேசையருகில் மிஸ் ஒரு நிமிடம் நின்றார். காப்பி என்ற பேச்சை அதோடு விட்டுவிட்டு, அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அப்பா ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஊர் மாறிவிட்டோம். அவள் இப்போது சேத்தியாத்தோப்பில் இருக்கிறாள். மகளின் கணக்கைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். அடுப்பில் பால் பொங்குவதற்குள் பதில் வந்துவிட்டது.

"தண்ணிய கழிச்சியாடி?"

நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து மகள், "யாரும்மா அது?" என்றாள்.

"அவ மட்டும் இல்லேன்னா நான் காமர்ஸ் படிச்சிருப்பேன், இந்தக் கணக்க நீ உங்கப்பாகிட்டதான் கேட்டிருக்கணும்" என்றேன்.