ஓகஸ்டில் மிஞ்சிய பனி

பனியில் சறுக்கி ஸ்கீ செய்யப் போகிறவளுக்கு என்னென்ன வேண்டும்? பூட்ஸ், கையுறை, கறுப்புக் கண்ணாடி... போன மாதம் என் மச்சாள் எனக்குத் தந்துவிட்ட பையில் இவை எதுவும் இல்லை. ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. ஒரு பொட்டலம் எள்ளு. கொஞ்சம் தர்ப்பை.

தப்பு மச்சாளுடையது அல்ல. முழுக்க என்னுடையதும் அல்ல.

என் கணவர் குகன் போன ஐப்பசியில் காலமானார். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். சில வாரங்கள் இந்த இடத்தில் வேறு யாரோ சமையல் குறிப்பு எழுதினார்கள். ஆண்டுத்திவசம் இன்னும் வரவில்லை. அதுவரை கலியாணவீடு, பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, பிறந்தநாள் எதற்கும் நான் போவதில்லை. அழைக்கிறவர்களும் அழைப்பதுபோல அழைத்து, 'நீங்கள் வரமாட்டியள்தானே' என்று தாங்களே முடித்துக்கொள்கிறார்கள். நல்லது. ஹோல்களில் போடும் விருந்துச் சாப்பாட்டிலிருந்து ஒரு வருட விடுதலை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வடக்கு லண்டன் எட்மண்டனில் இருக்கும் மச்சாள்தான், அதாவது குகனின் அக்கா, இந்த ஊரில் எனக்கு மிஞ்சிய ஒரே சொந்தம். அவருக்குப் போன் எடுத்துச் சொன்னேன் — ஸ்கொட்லாந்தில் இவருக்குப் பிடித்த மலை ஒன்று இருக்கிறது, போன ஓகஸ்டில் இவர் ஆஸ்பத்திரியில் இருந்ததால் போக முடியவில்லை, இந்த முறை போய்விட்டு வரப்போகிறேன் என்று.

மறுபக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு அழுகை. தம்பியின் கடைசி ஆசையை நிறைவேற்றப் போகிறாயே, நீ நல்லாயிருப்பாய் என்றார்.

நான் திருத்துவதற்குள் போனை வைத்துவிட்டார். அன்று பின்னேரத்துக்குள் எட்மண்டன் முழுக்கச் செய்தி போய்விட்டது. நான் மலையுச்சியில் ஏதோ கிரியை செய்யப் போகிறேனாம்! கோயில் ஐயரே அழைத்து, அங்கே தண்ணீர் ஓடுமா என்று விசாரித்தார். பனி உருகின தண்ணீர் ஓடும் என்றேன். பிறகென்ன, கங்கையும் அதுதானே என்றார். அடுத்த நாள் மச்சாளின் மருமகன் அந்தப் பையைக் கொண்டுவந்து தந்தான்.

கடவுளே... என் வாழ்க்கையில் என்னை யாரும் இவ்வளவு மெச்சியதில்லை.

உண்மை என்ன? வடக்கு ஸ்கொட்லாந்தின் சில மலைகளில், வெயில் எட்டாத குழிகளில், குளிர்காலப் பனி கோடை முடியும்வரை உருகாமல் கிடக்கும். சும்மா ஒரு துண்டு. கீழேயிருந்து பார்த்தால் யாரோ வேட்டியைக் காயப்போட்ட மாதிரி இருக்கும். அதற்காகச் சறுக்குப் பலகையான ஸ்கீயை முதுகில் கட்டிக்கொண்டு அரைநாள் ஏற வேண்டும். ஏறினால் சறுக்குவது எவ்வளவு நேரம்? ஒரு கொட்டாவி விடும் நேரம். பிறகு திரும்பி நடக்க வேண்டும். இதைத்தான் நானும் குகனும் ஓகஸ்ட் தோறும் செய்துவந்தோம். நாற்பது வயதுக்குப் பிறகு, கூரைக்குக் கீழே பனி கொட்டி வைத்திருக்கும் மண்டபமொன்றில், சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று பழகிய கலை.

இதால் என்ன பிரயோசனம் என்கிறீர்களா? ஒன்றுமில்லை. அதுதான் அதன் விசேஷம். அகதியாய் வந்த நாளிலிருந்து பிரயோசனமானதை மட்டுமே செய்துவந்த இரண்டு பேருக்கு அது எவ்வளவு பெரிய ருசி என்று உங்களுக்கு எப்படிச் சொல்வது?

லலிதாவிடம் பையைக் காட்டினேன். லலிதா மலேசியக்காரி; குரோய்டனில் என்னோடு ஒரே ஆபீஸ்; ஓகஸ்டில் எங்களோடு மலைக்கு வருகிறவள். அவள் சிரித்து முடித்துவிட்டு நல்ல புத்தி ஒன்று சொன்னாள். எள்ளைத் தூவிவிட்டுச் சறுக்குவோம் அக்கா, யாருக்குத் தெரியப்போகிறது?

நியாயம்தான். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் இரண்டு நாள் யோசித்தேன், மூன்றாம் நாள் கோபம் வந்துவிட்டது. அழப் போகிறேன் என்றால் எனக்கு உடனே விசா. நாங்கள் எல்லாம் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் வரிசையில் நின்ற காலத்தில் இப்படி ஒரு விசா கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்! அதே மலைக்கு, அதே நாளில், அதே நான் சிரிக்கப் போகிறேன் என்றால்?

கேட்டுப் பார்த்துவிடுவோம் என்று பையையும் தூக்கிக்கொண்டு எட்மண்டனுக்குப் போனேன்.

மச்சாள் தேத்தண்ணி போட்டுவைத்திருந்தார். பையை மேசையில் வைத்தேன்.

"மச்சாள், நான் அங்கை கிரியை செய்யப் போகேல்லை. பனியில சறுக்கப் போறன். நானும் இவரும் ஒவ்வொரு ஓகஸ்டும் அதுக்குத்தான் போறனாங்கள்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. போனில் பழைய படம் ஒன்றைக் காட்டினேன். ஸ்கீயோடு நான். வெகுநேரம் பார்த்தார்.

"அவன் ஓகஸ்டில ஷிப்ட் எண்டெல்லோ எனக்குச் சொல்லுறவன்?"

ஷிப்ட் இல்லை என்றேன். அந்த மனிசன் அக்காவுக்குப் பயந்தவர். இந்த வயதில் உதென்ன விளையாட்டு என்று கேட்பார் என்று, கடைசிவரை வாய் திறக்கவில்லை.

மச்சாளின் பார்வை படத்தில் நான் போட்டிருந்த உடுப்புக்கு வந்தது. சிவப்பு ஜாக்கெட். துக்க வருசத்திலும் இதே சிவப்போ என்று கேட்டார். மலையில் விழுந்து கிடந்தால் தேடுகிறவர்களுக்குக் கண்ணில் படவேண்டும், பனியில் வெள்ளை உடுத்திய கைம்பெண்ணை ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்றேன். பகிடி எடுபடவில்லை.

"வருசம் திரும்பட்டும் பிள்ளை. பனி எங்கை போகப்போகுது?"

"உருகிப்போயிடும் மச்சாள்."

இதைப் பகிடிக்குச் சொல்லவில்லை. ஏனென்றால் அதுதான் விஷயம். போன வருடம் தவறிவிட்டது. இந்த வருடமும் விட்டால் அடுத்த வருடம் நான் போகமாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். முழங்கால் நோகிறது என்பேன், வெயில் என்பேன், லலிதாவுக்கு லீவு இல்லை என்பேன். குகனோடு சேர்ந்து மலையேறிய அந்தப் பெண்ணையும் நானே கொண்டுபோய் எரித்துவிட்டு வந்திருப்பேன். ஒரு வீட்டில் ஒரு சாவு போதாதா?

இவ்வளவையும் மச்சாளிடம் சொன்னேன். அவர் கோப்பையைக் கழுவப் போய்விட்டார். அங்கே நின்றபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"போறதெண்டால் போ. திவசத்துக்கு என்னைப் பார்த்துக்கொண்டிராதை."

தம்பிக்கு என்ன கறி பிடிக்கும், எது பிடிக்காது என்று தெரிந்த ஒரே ஆள் அவர். திவசச் சமையல் அவர் கையால்தான் என்று எப்போதோ முடிவான விஷயம். பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதேன். மறைப்பானேன்? நல்லாகவே அழுதேன். ஆனால் ரயில் டிக்கெட்டைக் கான்சல் செய்யவில்லை.

போனோம்.

அரைக் காற்சட்டையோடு மலை நடக்கிற வெள்ளைக்காரர்கள் எங்கள் முதுகைப் பார்த்துவிட்டு, பனிக்காலம் முடிந்தது தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்று சொல்லி நடந்தோம். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி அங்கே உண்டு. காது, கழுத்து, ஓரிடம் விடாமல் கடிக்கும். முழங்கால் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. கற்கள் குவிந்த கடைசி ஏற்றத்தில் நான் தவழ்ந்தேன் என்பதை லலிதா சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

பனி இருந்தது!

வழக்கத்தைவிடச் சின்னது. ஊத்தை படிந்து, புல்லும் மண்ணும் ஒட்டி, முட்டை அடுக்கும் அட்டை மாதிரிக் குழிகுழியாக. அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அப்படிக் கேட்டால் கவனமாக இருக்க வேண்டும். உள்ளே உருகிக் கோறையாகி, மேலே வெறும் ஓடாக நிற்கும். லலிதா தடியால் குத்திக் குத்தி, தடிப்பான இடம் எது என்று பார்த்து, ஓரத்தில் கோடு கிழித்தாள். இந்த வேலை குகனுடையது.

ஸ்கீயை மாட்டிக்கொண்டு மேலே நின்றேன். லலிதா கிழித்த கோட்டைப் பார்த்தேன். பிறகு விட்டேன்.

கரகரவென்ற சத்தம். ஒரு திருப்பம். இன்னொரு திருப்பம். வாயைப் பெரிதாகத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது யாரென்று பார்த்தால்... நான்தான். கீழே கல்லுக்கு முன்னால் நின்றபோது சந்தோஷமாக இருந்தேன். அவர் இல்லையே என்ற துக்கம் ஒரு துளி குறையவில்லை, சந்தோஷமும் ஒரு துளி குறையவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் இருக்கக்கூடாதென்று எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது?

லலிதா போதுமா அக்கா என்று கேட்டாள். போதாது என்றேன். இந்த ஒருமுறையைப் புருசனுக்காகச் செய்தாள் என்று சனம் கதை கட்டிவிடுமே! அதனால் ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பவும் ஏறினேன். இரண்டாவது தரம் எனக்காக மட்டும்.

லலிதா எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நானே போட்டேன். அந்தச் சிரிப்போடு, எதையும் வெட்டாமல். பிறகு ஒருவர் அம்மன் படம் போட்டார். இன்னொருவர் கும்பிடுகிற கை போட்டார். எனக்கா அம்மனுக்கா தெரியாது. மச்சாள் பார்த்துவிட்டார் என்பது மட்டும் தெரிந்தது.

அவர் அழைத்தது நான் லண்டன் திரும்பிய பிறகு. வணக்கமும் இல்லை, சுகமும் விசாரிக்கவில்லை.

"அவனும் இப்பிடித்தான் சிரிக்கிறவனோ அங்கை?"

"ஓம் மச்சாள். விழுந்தால் இன்னும் கூட."

"எனக்கு ஒரு நாளும் காட்டேல்லையே."

"காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பியள்?"

போனில் கோப்பைகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"ஏசிப் பேசியிருப்பன்," என்றார் மச்சாள். "பேசித்தான் இருப்பன். ஆனால் பார்த்திருப்பன்."

குகனின் படம் எதையாவது அனுப்பவா என்று கேட்டேன். எல்லாத்தையும் அனுப்பு என்று சொல்லி வைத்துவிட்டார். திவசத்துக்கு வருவாரா? அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சனம் பேசும் என்று பயந்து சந்தோஷத்தை ஒளித்து வைத்திருக்கிறீர்களா? வெளியே எடுத்துப் போடுங்கள். பேசுகிறவர்கள் பேசட்டும் — பார்த்துவிட்டுப் பேசட்டும்.