கிணறும் மூச்சு விடும் என்றவன்

செவ்வாய்க்கிழமை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். ரெட்டியார்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி போன் செய்தார். "சார், உங்க காலேஜு சூசை வாத்தியாரு எங்க கெணத்துக்குள்ள விழுந்து கெடக்காரு. மூச்சு இல்ல." சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினேன்.

சூசையும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் துறைத்தலைவன் ஆனேன். அவன் கம்ப்யூட்டரே கதியென்று கிடந்தான். மண்ணுக்கடியில் நுண்துளைகள் உள்ள பாறைக்குள் வாயு எப்படி நகர்கிறது என்று கணக்குப் போட்டுப் படமாகக் காட்டுவான். "மழைக்கு முந்தி காத்தழுத்தம் கொறையும்ல, அப்ப பாறைக்குள்ள கெடக்குற கெட்ட காத்து கெணத்துக்கு வந்துரும். கெணறும் மூச்சு விடும்டா" என்பான். தூர்வார இறங்கியவர்கள் செத்த செய்தி வந்தால் அன்றைக்குச் சாப்பிட மாட்டான். எந்த நாளில் இறங்கக் கூடாது என்று ஊர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. அந்த அறிவிப்புக்கு என் கையெழுத்து வேண்டும்.

நான் போடவில்லை. துறைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன்: "ஏசி ரூம்ல உக்காந்து கெணறு பாக்குறான்யா! ஒரு நாளாச்சும் அளந்துட்டு வா, அப்புறம் போடுறேன்." அன்று சிரித்தவர்கள் இந்த இரங்கல் கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறீர்கள். தலையைக் குனியாதீர்கள், உங்கள் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவன் நான்தான். சூசையும் சிரித்தான். "அளந்துட்டா பேச்சு மாற மாட்டியே?" என்று மட்டும் கேட்டான்.

அவன் கணக்கு எந்த நாளை ஆக மோசமென்று சொன்னதோ அந்த நாளிலேயே அளக்கப் போனான். வேறு நாளில் அளந்திருந்தால் அதற்கும் ஏதாவது நொட்டை சொல்லியிருப்பேன், அது அவனுக்குத் தெரியும். வாயுவை அளந்து பதிந்துவைக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டித்தான் இறக்கியிருக்கிறான். கயிறு மோட்டார் குழாயில் சிக்கிக்கொண்டது. "வேணாம் சார்னு கத்துனேன். நாலு படிதானே, செத்த நேரத்துல எடுத்துட்டு வாரேன்னு எறங்கிட்டாரு" என்று சொல்லிவிட்டுத் தேம்பினார் அந்த விவசாயி.

அடக்கம் முடிந்த மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ரீத்தா என்னை உட்காரச் சொல்லவில்லை. தீயணைப்புக்காரர்கள் எடுத்துக் கொடுத்த மீட்டரைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "நீங்க கேட்டது இதுல இருக்காம்ணே. எடுத்துட்டுப் போங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். அவன் வரைந்த கோட்டின் மேலேயே எல்லா அளவும் விழுகிறது, படுபாவி, ஒரு புள்ளிகூட விலகவில்லை. அறிவிப்பில் நேற்றுக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். சூசையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மீட்டர் ஒன்றுதான். அவன் விழுந்த பிறகும், ஆட்கள் வந்து தூக்கும்வரை, அது அளந்துகொண்டே இருந்திருக்கிறது.